ஷிகார் கிளப்பும் அரைக்கண் புலியும்

போவன்பள்ளி மார்க்கெட்டுக்குப் போய்ப் பாருங்கள். நான் வரைந்த படம் அங்கே ஆயிரக்கணக்கில் கிடக்கும். சாக்கு மூட்டையின் நடுவில் நீல மையில் ஒரு வெங்காயம், அதன் தலையில் ஒரு கிரீடம், கீழே மண்டியின் பெயர். மூட்டை காலியானதும் அதைக் காலடியில் போட்டு மிதிப்பார்கள். மழை வந்தால் தலையில் போட்டுக்கொள்வார்கள். இப்படி என் கலை மக்களின் உச்சி முதல் பாதம்வரை சென்று சேர்ந்திருக்கிறது.

அந்தக் கிரீடத்தைப் பார்த்துவிட்டுத்தான் செகந்திராபாத் ஹாப்வுட் ஷிகார் கிளப்பின், அதாவது வேட்டை கிளப்பின், தலைவர் வெங்கட்ரமணன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஏதோ பொதுத்துறை நிறுவனத்தில் கொள்முதல் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மீசையை மட்டும் ஓய்வுக்குப் பிறகு வளர்த்திருந்தார்.

"ஒரு வெங்காயத்துக்கே இவ்வளவு கம்பீரம் குடுத்திருக்கீங்களே மணிவண்ணன், எங்களுக்கு எவ்வளவு குடுப்பீங்க" என்றார்.

இதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். என் சுபாவம் அப்படி.

விஷயம் இதுதான். கிளப்புக்கு நூறு வயதாகிறது. விழா அன்று உறுப்பினர் எல்லோரும் ஒரே மாதிரி டி-சர்ட் அணிய வேண்டும். அதன் நெஞ்சில் போட, புலி வைத்த ஒரு சின்னம் வேண்டும். கூலி என்று எதுவும் கிடையாது. அதைவிடப் பெரியதாக ஒன்று உண்டு, கௌரவ உறுப்பினர் பதவி, அதை விழா மேடையிலேயே தருவோம் என்றார். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் சரி என்றுவிட்டேன். ஆசை வெட்கமறியாது.

ஆசைக்குக் காரணம் மாதவ். என் மனைவி சுமலதாவின் அண்ணன். அவர் வேறொரு கிளப்பில் உறுப்பினர். எங்கள் கல்யாணமான நாளிலிருந்து, எங்கள் கல்யாண நாளன்று, தவறாமல் எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போவார். சாப்பிட்டு முடித்ததும் தோல் அட்டைக்குள் பில் வரும். நான் பையில் கை விடுவேன். மாதவ் சிரிப்பார். "இங்க காசெல்லாம் செல்லாது மாப்ளே. மெம்பர்தான் சைன் போடணும். நீங்க கெஸ்ட்டு, கூச்சப்படாம சாப்பிடுங்க" என்பார். பிறகு தங்க நிறப் பேனாவை எடுத்து, சாவகாசமாக, கோழி கிளறின மாதிரி ஒரு கையெழுத்துப் போடுவார். ஒவ்வொரு வருஷமும் அதே சிரிப்பு, அதே பேனா. லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த எனக்கு உலகத்தில் பெரிய ஆசை எதுவும் இருந்ததில்லை. ஒரே ஒரு முறை, மாதவ் எதிரில் உட்கார்ந்து பார்க்க, நான் சைன் போட வேண்டும். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே மாதவுக்குப் போன் செய்து விழாவுக்கு அழைத்தேன். "என் கிளப்பில்" என்று இரண்டு தடவை சொன்னேன். அல்வாலில் எங்கள் ஃப்ளாட் சமையலறையில் உட்கார்ந்து, பழைய பேப்பர் ஓரத்தில் கையெழுத்துப் பழகினேன். எல்.ஐ.சி. பாலிசியில் போடும் கையெழுத்து கிளப்புக்கு எடுபடாது.

"முதல்ல புலியை வரைங்க. கையெழுத்து தானா வரும்" என்றாள் சுமலதா.

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வரும். நாட்டில் வேட்டைக்குத் தடை விதித்து அரை நூற்றாண்டு ஆகிறதே, வேட்டை கிளப் என்ன செய்கிறது? நானும் அதைத்தான் தலைவரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு விளக்கினார்.

"வேட்டையாடறது யார் வேணா செய்யலாம் மணிவண்ணன். துப்பாக்கி இருந்தா போதும். வேட்டையாடாம இருந்துகிட்டே வேட்டைக்காரனா இருக்கறது இருக்கே, அதுக்குத்தான் ஒழுக்கம் வேணும். ஐம்பது வருஷமா நாங்க ஒரு எலியைக்கூட அடிச்சதில்லை. ஸ்டோர் ரூம்ல நெறைய இருக்கு. தொடறதில்லை."

நீங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டு வரையுங்கள் என்றார். போனேன்.

விடியற்காலையில் காக்கி உடுப்பும் தொப்பியுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் ஜீப்பில் ஏறினார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு முட்டி மாற்று அறுவை சிகிச்சை ஆகியிருந்ததால் ஏறுவதற்கே நேரம் பிடித்தது. ஒருவர் ஊதுகுழல் ஊதினார். ஜீப் கிளம்பி, கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, பின்பக்கப் புல்வெளியில் நின்றது. அங்கே வேலியோரம் பஞ்சு அடைத்த கடமான் ஒன்று, சக்கரம் வைத்த பலகைமேல் நின்றிருந்தது. கிளப்பை ஆரம்பித்த ஹாப்வுட் துரை சுட்டதாம். ஒரு கொம்பு உதிர்ந்துபோய் அந்த இடத்தில் துணி மாட்டும் ஹேங்கரை வளைத்து வைத்திருந்தார்கள். கேட்டைக் காவல் காக்கும் அப்துல் ரஹீம் புதருக்குப் பின்னாலிருந்து கயிற்றை இழுத்தார். கடமான் கடகடவென்று ஓடியது.

"டுமீல்" என்றார் தலைவர், வாயால்.

துப்பாக்கி கிடையாது, சட்டச் சிக்கல். வாயால்தான் சுட வேண்டும். உடனே வாக்குவாதம் வந்தது. தலைவர் டுமீல் சொன்னபோது மான் மரத்தைத் தாண்டிவிட்டது, ஆகவே குறி தப்பியது என்றார் ஒருவர். ரஹீமைத் திரும்ப இழுக்கச் சொன்னார்கள். மறுபடி சுட்டார்கள். கடைசியில் விருந்தாளி என்பதால் என்னையும் ஒரு முறை சுடச் சொன்னார்கள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் உறுப்பினர் பதவி கண் முன் நின்றதால் தொண்டையைச் செருமிக்கொண்டு "டுமீல்" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். நான் சந்தோஷப்பட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பஸ்ஸில் வீடு திரும்பும்போது மனசுக்குள் இன்னும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன்.

அந்த உற்சாகத்தில் ஒரு புலி வரைந்தேன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல புலி. நேராகப் பார்க்கிற, கண்ணில் நெருப்புள்ள புலி. கமிட்டி முன் வைத்தேன். கிளப்பின் சட்ட ஆலோசகர் வக்கீல் பிந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"கண்ணு திறந்திருக்கே" என்றார்.

"புலிங்க மேடம்."

"உயிரோட இருக்கிற புலியை வேட்டை கிளப் நெஞ்சில் போட்டா என்ன அர்த்தம்? நாங்க அதைத் தேடிப் போகப் போறோம்னு அர்த்தம். குற்ற நோக்கம். கண்ணை மூடுங்க."

மூடினேன். அதன் பிறகு மற்றவர்கள் ஆரம்பித்தார்கள். ஒருவருடைய தாத்தா குதிரை வைத்திருந்தார், ஆகவே குதிரை. ஒருவர் செகந்திராபாத் மணிக்கூண்டு இல்லாமல் சின்னமா என்றார். ஊதுகுழல் ஊதுகிறவர் ஊதுகுழல் கேட்டார். துப்பாக்கி வேண்டும் என்று தலைவர் சொன்னார். இருக்கலாம், ஆனால் புலியைப் பார்த்து இருக்கக்கூடாது என்றார் பிந்து. துப்பாக்கியைத் திருப்பினேன், அது குதிரையைக் குறி பார்த்தது. குதிரைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். கடைசியில் அணிபவரின் அக்குளைப் பார்த்துத் திருப்பியதும் எல்லோரும் திருப்தியடைந்தார்கள். கடமானை விட்டுவிட்டீர்களே என்று ஒருவர் கேட்டார். அதையும் சேர்த்தேன், ஹேங்கரோடு. நான் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. வெங்காய மண்டிக்காரர் கிரீடத்தில் ஒரு புள்ளி கூடுதலாகக் கேட்டபோது ஒரு மணி நேரம் சண்டை போட்ட ஆள் நான். இங்கே "ஆஹா, நல்ல யோசனை சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சுமலதா படத்தைப் பார்த்தாள். "பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை கேட்டிருக்கேன். இதுல குரங்கு மட்டும்தான் இல்லை" என்றாள்.

இப்போது வேறொரு சங்கடம் வந்தது. சின்னம் பெரிதாகிவிட்டதால், காலர் வைத்த டி-சர்ட்டில் போட்டால் பட்டன் வரிசை புலியின் மூக்கு வழியாக இறங்கியது. ஒரு பட்டன் சரியாக நெற்றிப்பொட்டில் உட்கார்ந்தது. ஆகவே காலர் இல்லாத வட்டக் கழுத்து டி-சர்ட்டுக்கு மாற்றலாம் என்று நான் சொன்னேன். நான்தான் சொன்னேன். கமிட்டி ஒரு மனதாக ஏற்றுக்கொண்டது. இந்த விஷயத்தில் என் மூளையிலிருந்து வந்த ஒரே யோசனை இது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

டி-சர்ட்டுகள் அச்சாகி வந்தன. பாட்டில் பச்சை நிறம். குதிரைக்காரரின் மனைவி ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஐயோ பாவம், செத்துப்போச்சா" என்றார்.

பிந்து முகம் வெளிறிப்போனார். "கண்ணு திறந்திருந்தா வேட்டைக்குப் போகப் போறோம்னு அர்த்தம். மூடியிருந்தா போயிட்டு வந்துட்டோம்னு அர்த்தம். இது ஒப்புதல் வாக்குமூலம். எல்லாத்தையும் அழிச்சிடுங்க."

"அப்ப கண்ணை என்ன செய்யறது மேடம்?"

கமிட்டி ஒரு முழு மாலை யோசித்தது. பாதி திறந்திருக்கட்டும் என்று முடிவானது. புலி தூங்கி எழுகிறதா, தூங்கப் போகிறதா என்று எந்த நீதிமன்றமும் நிரூபிக்க முடியாது. அரைக்கண் போட்டேன். என் நெருப்புப் புலி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மோர்சாதம் சாப்பிட்ட ஆசாமி மாதிரி ஆகிவிட்டது. "உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா" என்றாள் சுமலதா.

புதிதாக அச்சாயிற்று. பழையதை எரிக்க எனக்கு மனசு வரவில்லை. நல்ல பருத்தி. மூட்டையாகக் கட்டிக்கொண்டு போய் போவன்பள்ளியில் சீனுவிடம் கொடுத்தேன். சீனு மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஹமாலிகளுக்கு மேஸ்திரி. சித்தூர்ப் பக்கத்துத் தமிழர். அவருடைய ஆட்கள் அன்றே மாட்டிக்கொண்டார்கள்.

"புலி தூங்குதே அண்ணா" என்றார் சீனு.

"ஆமா. தூங்கட்டும் விடுங்க."

விழா நாள் வந்தது. நான் டி-சர்ட்டைப் போட்டுக் கண்ணாடி முன் நின்றேன். என் தொந்தியில் புலி மாசமாக இருப்பதுபோல் தெரிந்தது. மேடை ஏறி உறுப்பினராகப் போகிறவன் பனியன் போட்டுக்கொண்டா போவது? போதாதற்கு மாதவ் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார், கிளப் என்றால் காலர் மாப்ளே என்று. டி-சர்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, இதற்காகவே தைத்து வைத்திருந்த கோட்டை எடுத்து மாட்டினேன். உள்ளே காலர் சட்டை. பையில் புதிதாக வாங்கிய தங்க நிறப் பேனா.

"உங்க புலியை வீட்டிலேயே பார்த்துட்டேன். நீங்களும் அண்ணனும் போயிட்டு வாங்க" என்று சுமலதா இருந்துவிட்டாள்.

கிளப் வாசலுக்கு மாதவோடு போய் இறங்கினேன். அவரும் கோட்டு, டை. வாசலில் பச்சை டி-சர்ட்டுகளாகப் பெரிய கூட்டம். முழுக் கிளப்பும் வெளியே நின்றது. ரஹீம் கேட்டைச் சாத்தி முன்னால் நின்றிருந்தார். ரஹீமின் அம்மா ஆம்பூர்க்காரர், அதனால் தமிழ் நன்றாகப் பேசுவார், நடுநடுவே செகந்திராபாத் உருது கலக்கும், ஆமாம் என்பதற்கு ஹவ், ஏன் என்பதற்கு கைக்கு.

"காலர் இல்லாம உள்ள நக்கோ சாப். ரூல்."

"ரஹீம், நான் யாருன்னு தெரியுதா?" என்றார் வெங்கட்ரமணன்.

"ஹவ் சாப். தலைவர் சாப். போன வருஷம் இந்த ரூல்ல சைன் போட்டதே நீங்கதான். உங்க மருமகனையே அன்னைக்குத் திருப்பி அனுப்பினேன். சபாஷ்னு சொன்னீங்க. இப்ப கைக்கு கோவப்படறீங்க?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமியையே பூசாரி வெளியே நிறுத்திவிட்டார். எல்லோரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். வட்டக் கழுத்து யாருடைய யோசனை என்பது அவர்களுக்கு ஞாபகம் வந்துவிட்டது. நான் என் காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

விதியை மாற்றலாம் என்றார் பிந்து. ஆனால் கமிட்டி கிளப் எல்லைக்குள்தான் கூட வேண்டும். எல்லையோ கேட்டுக்கு உள்ளே. பிந்து கொஞ்சம் யோசித்து, மதில் சுவர் கிளப்பின் சொத்துதான், அதைத் தொட்டுக்கொண்டிருந்தால் கிளப்பில் இருப்பதாகக் கொள்ளலாம் என்றார். கமிட்டி வரிசையாக நின்று ஒரு கையைச் சுவரில் வைத்தது, தீர்மானத்துக்கு இன்னொரு கையைத் தூக்கியது. போகிற ஆட்டோக்காரர்கள் போலீஸ் சோதனை என்று நினைத்து வேகத்தைக் குறைத்தார்கள்.

தலைவர் உரத்த குரலில் தீர்மானத்தைச் சொன்னார். "கிளப் சின்னம் அணிந்தவர் எவராயினும், கழுத்து எப்படி இருப்பினும், இன்று உறுப்பினராகக் கருதப்படுவார்."

"சின்னம் போடாதவங்க?" என்றார் ரஹீம்.

"நாங்களே வெளிய நின்னிருக்கோம். காலர் போட்டவன் உள்ள போறதா? சின்னம் இல்லாதவன் யாரும் உள்ள வரக்கூடாது." சொல்லிவிட்டு அவர் என் கோட்டை ஒரு பார்வை பார்த்தார்.

கேட் திறந்தது. பச்சைக் கூட்டம் உள்ளே போனது. நானும் மாதவும் போகப் பார்த்தோம். ரஹீமின் கை குறுக்கே வந்தது.

"ரஹீம் பாய், அந்தச் சின்னத்தை வரைஞ்சதே நான்தான்."

"ஹவ் சாப், தெரியும். நல்லா இருக்கு. நீங்க ஏன் போடல?"

தலைவருக்குப் போன் செய்தேன். கிளப்புக்குள் போனை அணைத்து வைக்க வேண்டுமாம். மாதவ் டையைத் தளர்த்தினார். "என்ன மாப்ளே, உங்க கிளப்" என்றார். இரண்டு தடவை அழுத்திச் சொன்ன சொல் இப்படித்தான் திரும்பி வரும்.

அப்போது ஒரு டிராலி ஆட்டோ வந்து நின்றது. விருந்துப் பக்கோடாவுக்கு வெங்காயம். பின்வாசலில் மேடைக்காரர்களின் லாரி அடைத்து நின்றதால் முன்வாசலுக்கு வந்துவிட்டார்கள். சீனுவும் மூன்று ஹமாலிகளும் இறங்கினார்கள். நாலு பேர் நெஞ்சிலும் கண் மூடிய புலி. தோளில் மூட்டை. மூட்டையில் என் கிரீடம்.

ரஹீம் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்துக் கேட்டை அகலத் திறந்தார்.

"ரஹீம் பாய், அது பழைய புலி. கண் மூடியிருக்கு பாருங்க" என்றேன். பொறாமையில் வாயில் வந்துவிட்டது. இதை எழுதும்போதும் கூசுகிறது.

"கண்ணைப் பத்தி ரூல்ல இல்ல சாப். சின்னம் போட்டவர் மெம்பர். மெம்பர் யாராச்சும் சைன் போட்டா நீங்களும் கெஸ்டா போலாம்."

சீனு மூட்டையை இறக்கி வைத்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. "எங்க போடணும்?" என்றார். ரஹீம் நீட்டிய விருந்தினர் பதிவேட்டில் உறுப்பினர் பக்கம் அவர் தெலுங்கில் தன் பெயரை எழுதினார். பேனா என்னுடையது, அந்தத் தங்க நிறப் பேனா. எதிர்ப்பக்கம், விருந்தினர் என்ற இடத்தில், மாதவ் கையெழுத்துப் போட்டார். அவருக்குக் கீழே நான் போட்டேன்.

உள்ளே மேடையில் வெங்கட்ரமணன் பேசிக்கொண்டிருந்தார். "நூறு வருஷமா இந்தக் கிளப் யாரை உள்ள விடணும்கிறதுல சமரசமே செஞ்சதில்லை" என்றார். சீனுவின் ஆட்கள் பலமாகக் கைதட்டினார்கள். பேச்சு முடிந்ததும் நான் ஓரமாகப் போய் கௌரவ உறுப்பினர் விஷயத்தை நினைவுபடுத்தினேன். "கெஸ்டா வந்தவரை அன்னைக்கே மெம்பராக்க ரூல் இல்லை மணிவண்ணன். யார் கெஸ்ட் நீங்க?" என்றார். சீனு பக்கம் கையைக் காட்டினேன். அவர் சீனுவின் நெஞ்சைப் பார்த்தார், மரியாதையாகத் தலையசைத்தார், அடுத்த மேஜைக்குப் போனார்.

நாலு பேரும் நாங்கள் இருவரும் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். வெங்காயப் பக்கோடா பிரமாதம். பிறகு தோல் அட்டைக்குள் பில் வந்தது. பழக்க தோஷத்தில் மாதவின் கை கோட்டுப் பைக்குப் போனது. என் கையும் போனது.

"விடுங்க சார்" என்றார் சீனு, பில்லைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு. "மெம்பர்தான் சைன் போடணுமாம், ரஹீம் பாய் சொன்னாரு. நீங்க கெஸ்ட்டு, கூச்சப்படாம சாப்பிடுங்க. அண்ணா, அந்தப் பேனாவைக் குடுங்க."

கொடுத்தேன். மாதவின் காது சிவந்துபோயிற்று. இத்தனை வருஷமாக நான் பார்க்க ஆசைப்பட்ட முகம் அது. பார்த்து ரசிக்கலாம் என்றால் என் காதும் சுட்டுக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றினேன். சுமலதா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"சைன் போட்டீங்களா?"

"போட்டேன்."

"அண்ணன் பார்த்தாரா?"

"பார்த்தார். அவரும் போட்டார்."

"எந்தப் பக்கம் போட்டீங்க?" என்றாள்.

நான் தண்ணீரைக் குடித்தேன்.